சுண்ணாம்புக் குழியில் ரோமானிய அரங்கம்

புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்ததும் அதை நம்ம ஊரில் கட்டிவிட வேண்டும் என்று துடிப்பவர்களில் சிலர் இன்ஜினியர் ஆகிறார்கள். மற்றவர்கள் என்னைப் போல ஊர் பார்க்க அவமானப்படுகிறார்கள். அவமானத்திலும் பல தினுசு இருக்கிறது. வழுக்கி விழுவது, வேட்டி அவிழ்வது போன்றவை மறுநாளே மறந்துபோகும். என்னுடையது அந்த ரகம் இல்லை. அது வாயால் வந்தது. அதுவும் நானே ஆள் வைத்து, தகரம் அடித்து, எல்லோருக்கும் நன்றாகக் கேட்கும்படி ஏற்பாடு செய்துகொண்டது.

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. சொந்த ஊர் பெரம்பலூர். தினமும் காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். புது டெரிகாட்டன் சட்டை, கையில் வாட்ச், சட்டைப் பையில் இரண்டு பேனா (ஒன்று எழுதாது, ஜோடிக்கு வைத்திருந்தேன்). கல்லூரியில் படித்த காலத்தில் நூலகத்துத் தடிமனான புத்தகம் ஒன்றில் ரோமானிய அரங்கத்தின் படத்தைப் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து அதுவே ஞாபகம். மற்றவர்கள் சினிமா நடிகையின் படத்தைப் பெட்டிக்குள் ஒட்டிவைத்திருந்த வயதில், நான் இடிந்துபோன கல்படிக்கட்டின் படத்தை வரைந்து ஒட்டிவைத்திருந்தேன். விடுதியில் என்னோடு யாரும் அதிகம் பேசாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்பதாம் வகுப்புக்கு ரோமாபுரி பாடம் ஒரு பக்கம்தான். நான் அதை மூன்று வாரம் நடத்தினேன். சரிபாதி வட்டமாக, அடுக்கடுக்காக ஏறும் இருக்கைகள். அவற்றுக்கு நடுவே அரைவட்டமான தரை. அதை ஒட்டி உயரம் குறைந்த, அகலமான மேடை. மேடைக்குப் பின்னால் கடைசிப் படி எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு ஒரு சுவர். அதில் தூண்களும் மூன்று வாசல்களும் இருக்கும். நடுவாசல் ராஜா வருவதற்கு. இருக்கைகளுக்கு அடியில் கூட்டம் நெரியாமல் வெளியேற வளைவுப் பாதைகள் போகும். வெயிலுக்கு மேலே துணிப்பந்தல் இழுத்துக் கட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மைக் இல்லாமலேயே கடைசிப் படியில் இருப்பவனுக்கும் நடிகன் பேசுவது கேட்கும். நடிகனின் குரல் பின்சுவரில் பட்டுத் திரும்பிப் படிகளில் ஏறும். இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். பிள்ளைகள் பரீட்சைக்கு வருமா என்று மட்டும் கேட்பார்கள்.

பள்ளிக்குப் பின்னால் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒன்று இருந்தது. கல் எடுத்து எடுத்து ஒரு பக்கம் வளைவாகவும் படிப்படியாகவும் இறங்கும். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், மாசி பங்குனியில் காய்ந்து கிடக்கும். ஆண்டுவிழா பங்குனியில். தலைமையாசிரியரிடம் போய், பந்தல் செலவே இல்லாமல் ஊரே உட்கார்ந்து நாடகம் பார்க்க இடம் தயார் செய்கிறேன் என்றேன். பந்தல் செலவு இல்லை என்ற இடத்திலேயே அவர் சம்மதித்துவிட்டார். ரோமாபுரியைப் பற்றி நான் சொன்ன மீதியை எல்லாம் அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். மேட்டைக் குடைந்து படி வெட்டியவர்கள் கிரேக்கர்கள். ரோமானியர்கள் பெரும்பாலும் சமதரையில் வளைவுகளை எழுப்பி அதன் மேல் படி கட்டினார்கள். ஆகவே நான் செய்தது பாதி கிரேக்கம், பாதி ரோமாபுரி, மீதி அரியலூர். (கணக்கு உதைக்கிறது. அந்த அரங்கமே அப்படித்தான் இருந்தது.)

விளையாட்டு வகுப்புகளை எல்லாம் கெஞ்சி வாங்கி, பெரிய பையன்களை வைத்துப் படிகளை மட்டப்படுத்தினேன். வீட்டுக்குப் போன பையன்களெல்லாம் வெள்ளை வெளேரென்று போனதால், என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று பெற்றோர் வந்து கேட்டார்கள். பின்சுவர்தான் பெரிய பிரச்சினை. செங்கல்லுக்கு வழியில்லை. அப்போது புது வகுப்பறைக் கூரைக்காகத் தகரத் தாள்கள் வந்து இறங்கியிருந்தன. உயரமான சவுக்குக் கட்டைகளை நட்டு, மூன்று வாசல் விட்டு, அந்தத் தகரத்தை மேலிருந்து கீழ்வரை வரிசையாக ஆணி அடித்துச் சுவராக்கினேன். டிராயிங் மாஸ்டர் பக்கிரிசாமி அதில் தூண்களை வரைந்தார். அவர் வரைந்த ரோமானியத் தூண்களின் உச்சியில் எப்படியோ யாளி வந்து உட்கார்ந்துகொண்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

துணிப்பந்தலும் வேண்டும் என்று லாரித் தார்பாய் கேட்டபோது, சாயங்காலம் நடக்கிற விழாவுக்கு நிழல் எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்டார். அதைக் கைவிட்டேன்.

சுவர் முடிந்த அன்று நடுத்தரையில் நின்று ஒரு தீக்குச்சியை உரசினேன். கடைசிப் படியில் நின்ற பக்கிரிசாமி, பீடி பத்த வைக்கிறீங்களா சார் என்று கேட்டார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மாமா நுழைந்தார். என் அம்மாவின் தம்பி. பெரம்பலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஜெயங்கொண்டத்தில் முந்திரித் தோப்பும் உரக்கடையும் வைத்திருந்த ஒருவர் அவருடைய பழைய வாடிக்கையாளர். அவருக்கு ஒரே பெண். பெயர் மங்கையர்க்கரசி, வீட்டில் அரசி. ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தார். முறையாகப் பெண் பார்க்கப் போய்ப் பிறகு வேண்டாம் என்றால் மனவருத்தம் வரும் என்பதால் மாமா ஒரு யோசனை சொன்னார். குடும்பத்தோடு நாடகம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். நான் அங்கேயே பெண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"புடிச்சா மேக்கொண்டு பேசுவோம். புடிக்கலன்னா நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியப் போறதில்ல" என்றார் மாமா.

அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அவருக்கு அந்தச் சுவரைப் பற்றித் தெரியாது.

ஆண்டுவிழா அன்று பொழுது இறங்குவதற்கு முன்பே கூட்டம் வந்துவிட்டது. ரோமானிய வழக்கப்படி இருக்கைகளை நான் பிரித்திருந்தேன். அரைவட்டத் தரையில் பெரிய மனிதர்களுக்கு நாற்காலி. கீழ்ப்படிகள் ஆண்களுக்கு. பெண்கள் எல்லோரும் உச்சிப் படிகளில். ரோமாபுரியில் அப்படித்தான் என்று நான் சொன்னபோது, எங்களை மட்டும் எதுக்கு மொட்டை மாடிக்கு ஏத்துறீங்க என்று ஒரு மாணவனின் தாயார் சண்டைக்கு வந்தார். கைக்குழந்தையோடு ஏறியவர்கள் ரோமாபுரியையும் என்னையும் சேர்த்தே வைதார்கள்.

மாமா ஜெயங்கொண்டத்துக் குடும்பத்தை அழைத்து வந்தார். அரசியின் அப்பா நெடிய மனிதர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அமைதியான முகம். அவரை முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்தேன். பிறகு, தாயையும் மகளையும் பார்த்து, நீங்கள் மேலே போக வேண்டும், ரோமாபுரி வழக்கம் என்று விளக்கினேன். அரசி நான் சொன்னதை முழுவதும் கேட்டார். என் வாழ்க்கையில் அந்தப் பேச்சை முழுவதும் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"அப்ப ரோமாபுரி ராணியே வந்தாலும் மேலதான் ஒக்காரணுமா சார்?" என்று கேட்டார்.

ராணிக்கு விலக்கு உண்டு என்று திக்கித் திக்கிச் சொன்னேன். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு, லேசான சிரிப்போடு தாயைக் கைப்பிடித்துப் படியேறிப் போனார். எனக்குப் பிடித்துவிட்டது. இதை நான் இங்கே தெளிவாக எழுதிவிட வேண்டும். மாநிற முகம், நீண்ட நேர்த்தியான மூக்கு, கேள்வி கேட்கிற கண்கள். எந்தக் குறையும் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது.

சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. விளக்குகள் அணைந்தன, மைக் செத்தது. மைக்செட்காரர் பேட்டரி கொண்டுவரவில்லை. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு ஆள் ஓடியது. கூட்டம் கசகசவென்று பேசத் தொடங்கியது. தலைமையாசிரியர் கைகளைப் பிசைந்தார்.

இந்த நேரத்துக்காகத்தான் நான் பிறந்தேன் என்று நினைத்தேன்.

நடுத்தரைக்குப் போய்க் கையை உயர்த்தினேன். ரோமானியர்கள் மைக்கே இல்லாமல் நாடகம் போட்டவர்கள், இது அந்த முறையில் கட்டிய அரங்கம், எல்லோரும் மூச்சுக் காட்டாமல் இருந்தால் நான் இங்கே தீக்குச்சி உரசுவது மேலே கடைசிப் படியில் கேட்கும் என்றேன். பள்ளி ஆசிரியர் சொன்னதால் கூட்டம் அடங்கியது. அழுத குழந்தைகளின் வாயில் எதையோ கொடுத்து அடக்கினார்கள். அப்படி ஓர் அமைதியை அரியலூரில் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தீக்குச்சியை உரசினேன்.

உச்சியிலிருந்து பெண்கள் கேக்குது, கேக்குது என்றார்கள். கைதட்டல் எழுந்தது. சிறப்பு விருந்தினர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். தலைமையாசிரியர் என் தோளில் தட்டினார். வேலை நிரந்தரம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கைதட்டி முடித்த கூட்டம் மறுபடி அமைதியானது. அடுத்து என்ன உரசப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். அது எனக்குத் தோன்றவில்லை. என் நிகழ்ச்சி முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, சுவரில் இருந்த யாளியைப் பெருமையோடு பார்த்தபடி நின்றேன். அப்போது மாமா பக்கத்தில் வந்தார்.

"என்னடா, பொண்ணு புடிச்சிருக்கா? புடிச்சிருந்தா, போறப்ப அவங்கள்ட்ட ஒரு வார்த்த போட்டு வெக்கணும்" என்று காதோரம் கேட்டார்.

பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் பெண் பார்த்துவிட்டு வந்த என் நண்பர்கள் யாருமே அப்படிச் சொன்னதில்லை. கலர் கம்மி, குரல் சரியில்லை, நடை ஒருமாதிரி என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால்தான் மாப்பிள்ளைக்கு மதிப்பு என்று எனக்கு ஓர் எண்ணம். அதற்கு மேல் கைதட்டல் வேறு தலைக்கேறியிருந்தது. குரலைத் தாழ்த்தி, சுவரைப் பார்த்தபடியே சொன்னேன்:

"பரவால்ல மாமா. மூக்குதான் கொஞ்சம் நீளம். அப்பா மூக்கு அப்புடியே வந்துருக்கு. ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்தாங்கன்னா கண்டுக்காம வுட்றலாம்."

கூட்டத்துக்கு முதுகைக் காட்டிப் பேசினால் கூட்டத்துக்குக் கேட்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சாதாரண இடத்தில் அது சரி. ஆனால் எனக்கு முன்னால் இருந்தது, பட்ட குரலைத் திருப்பி அனுப்புவதற்கென்றே நான் பார்த்துப் பார்த்து எழுப்பிய தகரச் சுவர். அதைப் பற்றி மூன்று வாரம் பாடம் நடத்தியவன் நான். பாடமாக அது எனக்கு நன்றாகத் தெரியும். நிஜமாகத் தெரியாமல் போய்விட்டது.

சொல்லி முடித்ததும் திரும்பிப் பார்த்தேன். எல்லோருடைய முகமும் என் பக்கம் இருந்தது. முன்வரிசை நாற்காலியில் அரசியின் அப்பா மெதுவாகக் கையைத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது. அதைப் பார்த்த நொடியில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

உச்சிப் படியில் யாரோ எழுந்து நின்றார்கள். அரசிதான். கத்தவில்லை. நம் வீட்டில் அடுத்த அறையில் இருப்பவரோடு பேசுகிற குரலில் சொன்னார்:

"மூக்கு எங்கப்பா குடுத்ததுதான் சார். ஸ்கூட்டர்தான் எங்க வூட்ல இல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிறகு எழுந்த சிரிப்பை நான் வர்ணிக்கப்போவதில்லை. மைக் இல்லாமலேயே அதுவும் நன்றாகக் கேட்டது. சுவரில் பட்டு, திரும்பி வந்து, இன்னொரு தடவையும் கேட்டது. சரியாக அப்போது பெட்ரோமாக்ஸ் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் நல்ல மனிதர், இருட்டில் தடுமாறுகிறேனே என்று நேராக என் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். மாமாவைத் தேடினேன். ராஜா வருவதற்கான நடுவாசல் வழியாக அவர் போய்க்கொண்டிருந்தார்.

நாடகம் நடந்தது. அது ஒரு சோழ ராஜா கதை. சுவருக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவரின் குரலும் தகர இடுக்கு வழியாக வந்ததால், ஒவ்வொரு வசனத்தையும் ஊர் இரண்டு தரம் கேட்டது. தமிழாசிரியர் மீசையை எடுத்துவிட்டு மகாராணியாக வந்தார். ராஜா அவர் கையைப் பிடித்தபோது கீழ்ப்படியிலிருந்து ஒருவன், மூக்கைப் பார்த்து முடிவு பண்ணுங்க ராசா என்றான். மகாராணியே சிரித்துவிட்டார். நான் ஓரத்தில் ஒரு சவுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசாமல் வீட்டுக்கு ஓடியிருக்கலாம். கூட்டம் நெரியாமல் வெளியேற வளைவுப் பாதைகள் வேண்டும் என்று வகுப்பில் சொல்வேன் அல்லவா, அதைத்தான் நான் கட்டவில்லை. வெளியே போக இருந்த வழியெல்லாம் எல்லோருக்கும் முன்னால்தான் இருந்தது.

முடிந்ததும் அரசியின் அப்பா என்னிடம் வந்தார். அவர் படிகளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டிருக்கீங்க தம்பி. என்ன, கொஞ்சம் அதிகமா கேக்குது" என்றார்.

ஓர் அறை விட்டிருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். அரசி தாயோடு, கூட்டத்தில் வழி விடச் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. இனிமேல் வரலாறு நடத்தினால் போதும், வரலாறு பண்ண வேண்டாம் என்றார். தகரத்தைக் கழற்றிப் புது வகுப்பறைக்குக் கூரை போட்டார்கள். நான் அடித்த ஆணி ஓட்டைகள் எல்லாம் அப்படியே இருந்தன. அந்த வகுப்பைத் திட்டமிட்டு எனக்கே ஒதுக்கினார்கள். ஐப்பசி கார்த்திகையில் குடை பிடித்துக்கொண்டு ரோமாபுரியின் வீழ்ச்சியை நடத்திய ஒரே ஆசிரியர் அந்த வட்டாரத்தில் நான்தான்.

மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்பதற்காக அவராகவே ஜெயங்கொண்டம் போனார். சாப்பிடாமல் அனுப்ப மாட்டோம் என்று அந்த வீட்டில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டு எழுந்தவர், ஒரு வார்த்தை என்று தன் மகன் குமாருக்குப் பெண் கேட்டுவிட்டார். குமார் கடையில் அப்பாவோடு காயில் கட்டுபவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். சொல்லும்போது சரி என்று சொன்னார்கள்.

ஆக, எனக்கென்று பார்த்த பெண் என் மாமன் மகனுக்கு மனைவியாகி, எனக்குத் தங்கை முறையாகிவிட்டார். உலகத்தில் எத்தனையோ குடும்பம் இருக்க, நான் வருஷம் முழுக்க எல்லா நல்லது கெட்டதுக்கும் போய்த் தலைகாட்ட வேண்டிய வீட்டுக்கே வந்து சேர்ந்தார். கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன். அவர் இலைப்பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகும் மாமா வீட்டுக்குப் போனால் வாசலோடு தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன்.

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்த ஏற்பாடு. அரசிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. தாய்மாமன் மடிக்கு யாரை உட்காரவைப்பது என்று பேச்சு வந்தபோது, அண்ணன் முறைக்கு அவங்க இருக்காங்களே என்று என் பெயரைச் சொன்னது அரசிதானாம். என்னோடு பேசாதிருந்த மாமாவே வந்து சொன்னபோது நான் நம்பவில்லை.

கோயிலில் ஆசாரி ஊசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அரசி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றார். வேறு யாரும் அருகில் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன், சுவர் எதுவும் கிட்டத்தில் இல்லை. அன்றைக்கு நான் பேசியது, என்று ஆரம்பித்தேன்.

அவர் குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனத்தைச் சரிசெய்தபடி சொன்னார்:

"அதுக்கு முன்னாடி நீங்க தீக்குச்சி ஒரசுனது எனக்கு நெசமாவே கேட்டுச்சுண்ணே. அந்த ஒரு நிமிசம் ஒங்கள எனக்குப் புடிச்சிருந்துச்சு."

ஆசாரி மாமனைக் கூப்பிட்டார். உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. கொஞ்ச நேரத்தில் வெல்லத்தை வாயில் வைத்ததும் அடங்கிவிட்டது. நான்தான் அடங்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. மாமாவுக்கு அதைப் பார்த்துக் கோபமெல்லாம் போய்விட்டது. என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தக் குழந்தைக்குக் காது குத்தினாலும் என்னைக் கைகாட்டிச் சிரிக்கிறார்கள். புள்ளைக்குக் காது குத்துனா மாமன் அழுதான், அவ்வளவு எளகின மனசு என்று புதிதாக வந்த மருமக்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நானும் கூடவே சிரித்துவைக்கிறேன். கூட்டத்தில் எங்காவது ஓரமாக அரசி இருப்பார். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். சாப்பிட்டீங்களாண்ணே என்று கேட்பார்.